‘நல்லாப் பேசிப்போட்டார்’: ஓர் அலுவலகக் கேலியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் சென்னை அலுவலகம் ஒன்றில், பன்னிரண்டு பேர் கொண்ட பிரிவுக்கு நான் பொறுப்பாளர். சென்ற ஆண்டு ஆனி மாதம் தொடங்கி மார்கழி வரை எங்கள் பிரிவில் சில சொற்களைச் சுற்றி நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். யாரும் யாரையும் திட்டவில்லை, யாரும் மேலிடத்தில் புகார் கொடுக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றுகூட எவர் வாயிலிருந்தும் வரவில்லை. அப்படியிருந்தும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கண் முன்னாலேயே மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பதால், இதை விரிவாகப் பதிவு செய்வது கடமை என்று நினைக்கிறேன்.

எங்கள் பிரிவில் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த தம்பிகள் இருவர் இருக்கிறார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், பேச்சில் ‘ங்க’ சேர்க்காமல் ஒரு வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். நாகர்கோவில்காரரான மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். இருபத்திரண்டு ஆண்டுப் பணி அனுபவமுள்ள பெண் அலுவலர் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் ‘மேடம்’. இவர்களோடு, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, திருமணத்திற்குப் பின் சென்னைக்கு வந்த ஒருவர் ஆனி மாதம் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பிகள் முதல் நாளிலேயே அவரை அக்கா ஆக்கிவிட்டார்கள். இந்தக் கட்டுரையிலும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

கந்தோரும் வடிவும்

முதல் வாரத்தில் வீட்டிலிருந்து வந்த அழைப்புக்கு அக்கா, “நான் கந்தோரில நிக்கிறன்” என்று பதில் சொன்னார். அருகில் இருந்த தம்பி உடனே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஏன்க்கா நிக்கிறீங்க, உக்காருங்க. அது சரி, கந்தோர்னா எந்த ஏரியா?” என்று கேட்டார். யாழ்ப்பாணப் பேச்சில் ஓரிடத்தில் ‘நிற்பது’ என்றால் அங்கே இருப்பது என்றுதான் பொருள். கந்தோர் என்பது அலுவலகம். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்ததன் தடயமாக, அவர்களுடைய ‘கந்தோர்’ அங்கேயே தங்கிவிட்டது.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சற்றும் தயங்காமல் திருப்பிக் கொடுத்தார்: “நீங்கள் சாவியால அலமாரியத் திறந்து, ஃபைலை மேசையில வச்சு, ஜன்னலடியில இருந்துகொண்டு என்ர கந்தோரைப் பார்த்துச் சிரிக்கிறீங்கள். அந்த நாலு சொல்லும் போர்த்துக்கேயன் தந்தது, என்ர ஒண்டு ஒல்லாந்தன் தந்தது. நாங்களாவது சாவியைத் திறப்பு எண்டு தமிழில சொல்லுறம்.” அன்று முழுவதும் அந்த அலமாரியைத் திறக்கப் போனவர்கள் எல்லோரும் “திறப்பு எங்கே, திறப்பு எங்கே” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். இதைவிட ஆரோக்கியமான ஒரு கேலியை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ‘வடிவு’ வந்தது. எலும்பு முறிவுக் கோரிக்கை ஒன்றின் தாள்களை அம்பத்தூர்த் தம்பியிடம் கொடுத்து, “இதை ஒருக்கா வடிவாப் பாரும்” என்றார் அக்கா. கவனமாக, முழுமையாகப் பார் என்பது பொருள். தம்பி ஐந்து நிமிடம் புரட்டிவிட்டு, “எல்லாம் எக்ஸ்ரேதான் இருக்கு, வடிவா ஒண்ணும் இல்லையே அக்கா” என்று முழு நம்பிக்கையோடு வந்து நின்றார். ‘பாரும்’ என்பதும் அவருக்குப் புராண நாடகத்து அரசன் பேசுவதுபோல் ஒலித்ததாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையில் ‘நீர்’ என்று ஒரு படி உண்டு. வயதில் இளையவர்தான் என்றாலும் உடன் பணியாற்றுபவர் என்பதால் அந்த நடுப்படியை அக்கா அவருக்குக் கொடுத்திருந்தார். சென்னைத் தமிழில் அந்தப் படியே இல்லாததால், கிடைத்த மரியாதை தம்பிக்குத் தெரியவில்லை.

‘அவ’

ஆடி மாதக் கடைசியில் நடந்ததை இவ்வளவு எளிதாகச் சொல்லிக் கடக்க முடியாது. பக்கத்துப் பிரிவிலிருந்து வந்த ஒருவர், மேடம் எங்கே என்று கேட்டார். “அவ சாப்பிடப் போட்டா” என்றார் அக்கா. கைகழுவிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மேடம் அதைக் கேட்டுவிட்டார். மூன்று நாட்கள் மேடம் அக்காவிடம் தாள்களை நீட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். நான்காம் நாள் என்னிடம் வந்து, “என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவ, நாலு பேர் முன்னாடி என்னை ‘அவ’ங்கறா” என்றார். அந்தக் கோபத்தில், தம்மை நோகடித்த அதே விகுதியை மேடமும் அக்காவுக்குப் பயன்படுத்தினார்.

யாழ்ப்பாணத் தமிழில் ‘அவள்’ என்பது மரியாதை குறைந்த சொல். ‘அவ’ என்பது, சிலர் ‘அவா’ என்று நீட்டியும் சொல்வார்கள், பெரியவர்களான பெண்களுக்குரிய மரியாதைச் சொல். தாயையும் ஆசிரியையையும் அங்கே அப்படித்தான் குறிப்பிடுவார்கள். தமிழ்நாட்டுப் பேச்சிலோ ‘அவள்’ என்பதன் ளகரம் விழுந்து ‘அவ’ ஆகிறது, மரியாதைக்கு ‘அவங்க’ என்று பன்மைக்குப் போய்விடுகிறோம். ஆக, ஒரே ஒலி கடலின் இரு கரைகளிலும் எதிரெதிர்த் தட்டில் நிற்கிறது. ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் உண்டான உயர்சொல்லே தவிர இலக்கண முறையன்று என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் சொல்கிறது. நாம் மரியாதை என்று கைக்கொள்வது எல்லாம் வழக்கு கொடுத்தது. வழக்கு ஊருக்கு ஊர் மாறும்போது மரியாதையின் உருவமும் மாறும் என்பதை அன்று மேடத்திடம் விளக்கினேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

ஆனால் அதற்குள் அக்கா மேடத்திடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். தவறே செய்யாதவர் மன்னிப்புக் கேட்டு, அது ஏற்கப்பட்டு, காரியம் சுமுகமாக முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன். அன்று இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து அந்தச் சொல்லின் மரியாதையை அக்காவின் வாயாலேயே சொல்லவைத்திருக்க வேண்டும் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. மறுநாளிலிருந்து அக்கா மேடத்தை ‘அவங்க’ என்று சொல்லத் தொடங்கினார்.

பஜ்ஜி வந்த மாலை

ஆவணியில் ஒரு புதன்கிழமை, மாலை நான்கு மணி. அக்கா சரிபார்த்து அனுப்பிய ஒரு கோரிக்கையில் பிழை இருந்தது. காப்பீட்டுத் தொகை 3 லட்சம் ரூபாய். அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு அதில் 1 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய்தான் வரம்பு. நோயாளி தங்கியது 4,500 ரூபாய் அறை. இப்படி வரும்போது வாடகையில் கூடுதலான 1,500 ரூபாயைக் கழித்தால் மட்டும் போதாது. அந்த ஒப்பந்தத்தின்படி, அறையின் தரத்தை ஒட்டி ஏறும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில், மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க வேண்டும். அக்கா வாடகையை மட்டும் கழித்திருந்தார். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழைதான் இது. மேலாளர் அவரைத் தம் அறைக்கு அழைத்துப் பத்து நிமிடம் கண்டித்தார்.

திரும்பி வந்தவரிடம், “என்னக்கா ஆச்சு?” என்று தம்பி கேட்டார்.

“அவர் எனக்கு நல்லாப் பேசிப்போட்டார்” என்றார் அக்கா.

ஒரு நொடி அமைதி. பிறகு கோபிசெட்டிபாளையத்து இளைஞர், “அப்போ கன்ஃபர்ம் ஆயிருச்சுங்களா அக்கா?” என்று முகமெல்லாம் மலர எழுந்தார். ஒருவர் கைதட்டினார். மற்றொருவர் கீழே இறங்கிப் போய்ப் பன்னிரண்டு பேருக்கும் வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வாங்கி வந்தார். நானும் என் இடத்திலிருந்து எழுந்து போய் அக்காவின் கையைக் குலுக்கி, “ரொம்பச் சந்தோஷம்மா” என்றேன். அக்கா எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளில் வைத்துக் கொடுத்த பஜ்ஜியை ஒரு கடி கடித்தார், மீதியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தத் தாளில் எண்ணெய் ஊறி விரிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன், அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வியாழனும் வெள்ளியும் அவர் விடுப்பு.

வெள்ளி மாலை அண்ணாச்சி அவரைத் தொலைபேசியில் அழைத்து உடம்புக்கு என்ன என்று கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. “பிழை விட்டது நான், அவர் ஏசினது சரி. ஆனா அதுக்கு நீங்கள் எல்லாரும் பஜ்ஜி வாங்கிக் கொண்டாடுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை, அண்ணா” என்றாராம். ‘ஏசினது’ என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணாச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தென்பாண்டிப் பகுதியில் ஏசுதல் இன்றும் அன்றாடச் சொல். சென்னையில் திட்டுகிறார்கள், மதுரைப் பக்கம் வைகிறார்கள், நெல்லையில் ஏசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஏசுவதும் உண்டு, பேசுவதும் உண்டு. சும்மா பேசுவதற்கு அங்கே ‘கதைத்தல்’ என்ற சொல் இருப்பதால், ‘பேசுதல்’ கண்டிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது.

நாங்கள் தடுக்கி விழுந்தது வினைச்சொல்லில் மட்டுமன்று, வேற்றுமை உருபிலும்தான். ‘எனக்குப் பேசினார்’ என்பதை ‘எனக்காகப் பரிந்து பேசினார்’ என்றே நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம். நான்காம் வேற்றுமையாகிய ‘கு’ உருபுக்கு நன்னூல் பொருள் வரிசையிடும்போது கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று சொல்கிறது. ‘பகை’யும் ‘பொருட்டு’ம் ஒரே உருபின் கீழ் இருக்கின்றன. அக்கா சொன்ன ‘எனக்கு’ கண்டிப்பு யார்மேல் விழுந்தது என்பதைக் காட்டியது, நாங்கள் கேட்ட ‘எனக்கு’ யாருக்கு நன்மை என்பதைக் காட்டியது. ‘என்னோடு பேசினார்’ என்றால் உரையாடல், ‘எனக்குப் பேசினார்’ என்றால் கண்டிப்பு என்ற பாகுபாட்டை அவருடைய பேச்சு துல்லியமாகக் காத்து வருகிறது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘பேச்சு’ என்பதற்குக் கண்டிப்பு என்ற பொருள் நமக்கு அயலானதே அன்று. “உன்னால நான் பேச்சு வாங்கினேன்”, “லேட்டாப் போனா பேச்சுக் கேக்கணும்” என்று சென்னையிலும் கோவையிலும் நாள்தோறும் சொல்கிறோம். பெயர்ச்சொல்லில் நாம் வைத்திருக்கும் பொருளை அவர்கள் வினைச்சொல்லிலும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘பேசினார்’ என்று கேட்ட அந்த நொடியில் ‘பேச்சு வாங்குவது’ எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

கேலி திரும்பிய இடம்

திங்கட்கிழமை எல்லோரும் அக்காவிடம் வருத்தம் தெரிவித்தோம். விளங்கியதும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எனக்கு ஏச்சு விழுந்ததுக்கு இவை பஜ்ஜி தின்னினம் எண்டு அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன்” என்றார். அந்தச் சிரிப்பு உண்மையானது. காரியம் அதோடு முடிந்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது.

‘நல்லாப் பேசிப்போட்டார்’ எங்கள் பிரிவின் வாசகமாகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கத்தினால், “நல்லாப் பேசிப்போட்டார்” என்று தம்பிகள் சொல்வார்கள். அச்சுப்பொறி நின்றுபோனால், அதைச் சரிசெய்ய வந்தவர் முகம் சுளித்தால், சிற்றுண்டியகத்தில் சில்லறை இல்லை என்றால், எல்லாவற்றுக்கும் அதே வாசகம். அதுவும் அக்காவின் இழுவையோடு, அவருடைய ஏற்ற இறக்கத்தோடு. ஒவ்வொரு முறையும் அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் வாரத்தில்தான் என் கண்ணில் பட்டது. திகதி, தேதியாகிவிட்டது. திறப்பு, சாவியாகிவிட்டது. வேலையில் திணறும் இளையவரிடம் “ஆறுதலாச் செய்யுங்கோ” என்று அவசரப்படாமல் செய்யச் சொல்வது அவர் வழக்கம். அது “பொறுமையா பண்ணுங்க” ஆகிவிட்டது. தேநீர் நேரத்தில் கேட்டதற்கு மட்டும் பதில். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கியிருந்தார். கந்தோரில் நிற்கிறேன் என்று எங்கள் நடுவில் உரக்கச் சொன்னவர், இரண்டரை மாதத்தில் தன் தாயோடு கதைக்க ஒதுக்குப்புறம் தேடினார்.

நகை நான்கு வழியில் பிறக்கும் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ‘வடிவு’ நாளில் நாங்கள் சிரித்தது பேதைமையைப் பார்த்து, அதாவது அழகைத் தேடி எக்ஸ்ரேயைப் புரட்டிய தம்பியின் அறியாமையைப் பார்த்து. சிரிப்புக்கு உரியவர் கேட்டவர், சொன்னவர் அல்லர். கந்தோர் நாளில் அக்கா திருப்பிக் கொடுக்க இடம் இருந்தது. ஆவணி இறுதியில் நடந்தது எள்ளல். சொல் அதேதான், ஆட்களும் அவர்களேதான், ஆனால் சொல்லின் பொருளைப் பற்றிய வியப்பு தீர்ந்துபோய் சொல்பவரின் குரல் மட்டும் மிஞ்சியிருந்தது. சொல்லின் பொருள் தெரிந்த பிறகும் தொடர்ந்து சிரித்தால், அந்தச் சிரிப்பு வேறு எதையோ பற்றியது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் நேர்மையாகக் கேட்டார்: “அக்காவே சிரிச்சாங்களே?” இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர், ஊருக்குப் புதியவர், தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், முன்பே ஒருமுறை செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழகியவர். அவர் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த நாளிலிருந்து ‘தொட்டாற்சிணுங்கி’ என்ற பெயர் வந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரின் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிரித்தாரா என்று பார்ப்பதைவிட, கேலிக்கு ஆளான சொல்லை மறுவாரமும் அவர் வாய்திறந்து சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை எங்களுக்குக் காட்டியது அந்த மாடிப்படிக் கதவுதான்.

நாங்கள் செய்தது

நிறுவனத்தின் நடத்தை விதி நூலை எடுத்துப் பார்த்தேன். வசை, பாலியல் தொல்லை, சாதி மத இழிவு ஆகியவற்றுக்கு எல்லாம் விதி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இதற்கு அதில் இடம் இல்லை. சுற்றறிக்கை விட்டிருந்தால் அக்காவின் பேச்சு ஓர் ‘விவகாரம்’ ஆகி, அவர் முன்னைவிடத் தனித்துப் போயிருப்பார். ஆகவே இரண்டு காரியங்களை மட்டும் செய்தேன். தம்பிகளைத் தனித்தனியே அழைத்து, அக்காவின் குரலைப் போலப் பேசிக் காட்டுவதை நிறுத்தும்படி நேராகக் கேட்டுக்கொண்டேன். அக்காவிடம், மேடம் விஷயத்தில் நான் தவறினேன் என்பதை ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது காரியத்தைச் செய்தவர் அண்ணாச்சி. ஒருநாள் தேநீர் நேரத்தில் அவர் தன் ஊர்ச் சொல் ஒன்றைத் தானே எடுத்து நடுவில் வைத்தார். தாய்க்கு ‘தள்ளை’ என்று ஒரு சொல் தங்கள் பக்கம் உண்டு, இப்போது அது கோபத்தில்தான் வாயில் வரும் என்றார். தொல்காப்பிய உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் அதுவும் ஒன்று என்று நான் சொன்னபோது, அண்ணாச்சி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ எங்க பாட்டி சொன்னது ஏச்சு இல்ல” என்றார். அடுத்து கோபிக்காரர், விருந்தாளிகளை ‘ஒரம்பரை’ என்று தங்கள் வீட்டில் சொல்வதையும், அதைக் கல்லூரியில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பட்ட பாட்டையும் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர், அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முறையாக எங்கள் முன் சொன்னார். கேலிக்குப் பயந்து சொல்லை விழுங்கியவர் அக்கா ஒருவர் மட்டுமல்லர் என்பது அன்று தெரிந்தது. அவரவர் சொல்லை அவரவரே எடுத்து வைப்பது, அடுத்தவர் சொல்லை நாம் எடுத்து ஆடாமல் இருப்பது என்ற வழக்கம், யாரும் விதிக்காமலே அந்த மேசையில் உண்டாயிற்று.

மார்கழியில் அக்காவின் பணி நிரந்தரமானது. பஜ்ஜியை அவரே வாங்கினார். விகிதக் கழிவு வரும் கோரிக்கைகளை இப்போது புதியவர்கள் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அம்பத்தூர்த் தம்பி, தான் சரிபார்த்து முடித்த ஒவ்வொரு கோரிக்கையின் மேலும் ஒட்டும் மஞ்சள் துண்டுச்சீட்டில் பென்சிலால் ‘வடிவாகப் பார்த்தாயிற்று’ என்று எழுதுகிறார். முதலில் அது கேலியோ என்று சந்தேகப்பட்டு விசாரித்தேன். “ஒருதடவை கவனமா பார்த்தா ‘பார்த்தாச்சு’, ரெண்டு தடவை கடைசி வரைக்கும் பார்த்தாதான் ‘வடிவா’. நம்மகிட்ட அதுக்கு வேற வார்த்தை இல்லையே” என்றார். ஆறுதலும் திறப்பும் அக்காவின் வாய்க்குத் திரும்பி வந்துவிட்டன. கைபேசியை எடுத்துக்கொண்டு அவர் மாடிப்படிக்குப் போவதில்லை.

‘அவ’ மட்டும் திரும்பவில்லை. சென்ற வாரம் மேடமே அவரிடம், “என்னை உங்க ஊர் மாதிரியே சொல்லும்மா, எனக்கு இப்போ தெரியும்” என்று சொல்லிப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். சற்று நேரத்தில் யாரோ வந்து மேடத்தைக் கேட்டபோது, “அவங்க சாப்பிடப் போட்டா” என்றார்.